புதுத் தளம், பழைய ரேம்

2007 ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்பி வெளியாகி அப்போது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எக்ஸ்பிக்கு 64 எம்பி ரேம் இருந்தால் ஓடும், 128 இருந்தால் நல்லது என்று சொன்ன மைக்ரோசாஃப்ட், விஸ்டாவுக்குக் குறைந்தபட்சம் 512 எம்பி வேண்டும் என்றது. அதன் கண்ணாடி விண்டோக்கள் எல்லாம் வேண்டுமானால் 1 ஜிபி. பலர் செலவைப் பார்க்காமல் 2 ஜிபி போட்டுக்கொண்டார்கள். விஸ்டாவை நிறுவி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ஃப்ரீ' என்ற வரியைப் பார்த்தபோது அவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே இருந்த எண் பல நேரம் இரண்டு இலக்கம், சில நேரம் ஒற்றை இலக்கம், சில நேரம் வெறும் சைபர்.

"ரெண்டு ஜிபியையும் ஒண்ணும் செய்யாமலே எடுத்துக்கிச்சு" என்ற குறை உலகம் முழுக்கக் கிளம்பியது. கூடவே இன்னொரு குறையும் வந்தது. எக்ஸ்பியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி, விஸ்டா போட்ட வாரத்திலேயே நீலத்திரை காட்டி நிற்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பார்ப்பது இயல்புதான்: நினைவகம் நிரம்பிவிட்டது, அதனால் கணினி விழுகிறது. இன்றும் விண்டோஸ் 11-க்கோ புதிய மேக் தளத்துக்கோ மாறுகிறவர்கள் இதே முடிச்சைத்தான் போடுகிறார்கள். அந்த முடிச்சு தவறானது. நினைவகம் நிரம்பியிருப்பது நோயே அல்ல. கணினி விழுவதற்கான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றில் சில, அப்டேட் வருவதற்கு முன்பே நம் கணினிக்குள் இருந்தவை.

முதலில் அந்த சைபரைப் பார்ப்போம்.

ஒரு நிரல் "நினைவகத்தின் இந்த முகவரியில் உள்ளதை எடு" என்று கேட்கும்போது, அது சொல்லும் முகவரி ரேமில் உண்மையாக உள்ள இடம் அல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழு உருவாக்கி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, இந்த ஏற்பாட்டுக்கு வழி காட்டியது. நிரலுக்கு ஒரு கற்பனை முகவரி. வன்பொருள் அதை உண்மை முகவரியாக மாற்றிக் கொடுக்கும். மாற்றம் பைட் பைட்டாக நடப்பதில்லை, 'பக்கம்' பக்கமாக நடக்கிறது. நம் மேசைக் கணினிகளில் ஒரு பக்கம் என்பது வழக்கமாக 4,096 பைட். எந்தக் கற்பனைப் பக்கம் எந்த உண்மைப் பக்கத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை இயங்குதளம் வைத்திருக்கிறது. நிரல் கேட்ட பக்கம் ரேமில் இருக்கலாம். ரேமில் இல்லாமல் டிஸ்கில் இருக்கலாம். எங்கேயுமே இல்லாமலும் இருக்கலாம். ரேமில் இருந்தால் ஒரு வினாடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வேலை முடியும். டிஸ்கில் இருந்தால் நிரல் காத்திருக்கும். எங்கேயும் இல்லாத பக்கத்தைக் கேட்டது சாதாரண நிரல் என்றால், இயங்குதளம் அதை மட்டும் மூடிவிடும். கேட்டது இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஓடும் நிரல் என்றால் நீலத்திரைதான் வரும். டிஸ்கில் உள்ள தரவு கெடுவதற்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் அவசர ஏற்பாடு அது.

விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்ற புதிய பகுதி வந்தது. நீங்கள் காலையில் எந்த மென்பொருளைத் திறப்பீர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதைத் திறப்பீர்கள் என்று அது கவனித்து வைக்கும். சும்மா இருக்கும் ரேமில் அந்தப் பக்கங்களை முன்கூட்டியே டிஸ்கிலிருந்து கொண்டுவந்து நிரப்பும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 7 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. யாராவது புதிதாக நினைவகம் கேட்டால், குறைந்த எண் உள்ள பக்கத்தை அந்த நொடியே கொடுத்துவிடலாம். அதன் அசல் டிஸ்கில் இருப்பதால் எதையும் எழுதிவைக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த 'ஃப்ரீ' சைபர், பற்றாக்குறையைக் காட்டும் எண் அல்ல. காசு கொடுத்து வாங்கிய ரேம் சும்மா கிடக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

கோளாறு டாஸ்க் மேனேஜரின் பக்கம் இருந்தது. கேட்டவுடன் கொடுக்கக்கூடிய நினைவகம் எவ்வளவு என்று சொல்லாமல், எதற்குமே பயன்படாமல் கிடப்பது எவ்வளவு என்று அது காட்டியது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7, 'அவைலபிள்' என்ற எண்ணையும் சேர்த்தது. 2013-இல் ஆப்பிள் தன் மேவரிக்ஸ் தளத்தில் நினைவக அழுத்தம் என்று ஒரு வரைபடம் வைத்தது. 2014-இல் லினக்ஸ் கர்னலும் கிடைக்கக்கூடிய நினைவகத்தைத் தனியாகக் கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கியது. மூன்று தரப்பும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

ஆனால் விஸ்டாவைப் பற்றிய எல்லாக் குறைகளும் தவறான புரிதல் அல்ல. 512 எம்பி கணினியில் அதை ஓட்டியவர்கள் உண்மையாகவே அவதிப்பட்டார்கள். ஒரு நிரல் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மீண்டும் மீண்டும் தொடும் பக்கங்களின் தொகுப்பை 'வேலைத் தொகுதி' என்று 1968-இல் பீட்டர் டென்னிங் வரையறுத்தார். ஓடும் நிரல்கள் எல்லாவற்றின் வேலைத் தொகுதிகளும் சேர்ந்து ரேமை விடப் பெரிதாகிவிட்டால், ஒரு பக்கத்தைக் கொண்டுவர இன்னொன்றை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றியது அடுத்த நொடியே வேண்டும். அன்றைய ஹார்ட் டிஸ்கில் ஒரு பக்கத்தைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடி. ரேமில் அதே வேலைக்கு அதில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகர்த்தினால் அம்பு தாமதமாக வரும், 'சிஸ்டம் ஹேங்' என்போம். 512 எம்பி கணினியின் நெற்றியில் 'விஸ்டா கேபபிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றது வாங்கியவர்களுக்குச் செய்த அநியாயம். அந்த ஸ்டிக்கரை எதிர்த்து அமெரிக்காவில் வழக்கும் நடந்தது.

இனி, நினைவகம் உண்மையிலேயே நிரல்களை வீழ்த்திய ஒரு கதை. அப்டேட்டுக்கும் நினைவகத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு சம்பவம் எனக்குத் தெரியாது.

2007-இன் நடுவில், சுப்ரீம் கமாண்டர் போன்ற பெரிய விளையாட்டுகளை விஸ்டாவில் ஆடியவர்கள் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். எக்ஸ்பியில் நன்றாக ஓடிய அதே விளையாட்டு, அதே கணினியில், விஸ்டாவில் ஓரிரு மணி நேரம் ஆடியதும் சட்டென்று மூடிக்கொண்டது. ரேம் கூட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார்கள், முன்பை விடச் சீக்கிரம் விழுந்தது.

காரணம் இது. 32-பிட் முகவரியால் சுட்டக்கூடிய இடம் மொத்தம் 4 ஜிபி. விண்டோஸ் அதில் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிரலுக்கும் 2 ஜிபி கற்பனை முகவரிகளைக் கொடுத்தது. கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் இந்த 2 ஜிபி மாறாது. எக்ஸ்பியில் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரே பார்த்துக்கொண்டது. அங்கே வைத்த படங்கள் திடீரென அழிந்துபோகக்கூடும் என்பதால், விளையாட்டை எழுதியவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு நகலை நிரலின் நினைவகத்திலும் வைத்திருப்பார்கள். விஸ்டாவில் அந்தப் பொறுப்பை இயங்குதளமே ஏற்றுக்கொண்டது. கார்டின் நினைவகத்தில் எது வைக்கப்பட்டாலும், அதற்குச் சமமான முகவரி இடத்தை நிரலின் 2 ஜிபிக்குள்ளேயே ஒதுக்கியது. விளையாட்டு தன் பழைய வழக்கப்படி ஒரு நகல் வைத்தது, இயங்குதளம் தன் புது வழக்கப்படி ஒரு இடம் பிடித்தது. ஒரே படத்துக்கு இரண்டு மடங்கு முகவரி. கார்டு பெரிதாக இருந்தால் அதில் வைப்பதும் அதிகம், ஒதுக்கீடும் அதிகம். 2 ஜிபி எல்லையைத் தொட்டதும் விளையாட்டு விழுந்தது, ரேமில் இடம் மிச்சம் இருந்தபோதே.

2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. உண்மையில் நிரல் தொட்டுப் பார்க்க வேண்டிய பகுதிகளுக்கு மட்டும் முகவரி ஒதுக்கினால் போதும் என்று மாற்றியதும் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. இதில் யாரையும் கவனமில்லாதவர் என்று சொல்ல முடியாது. விளையாட்டை எழுதியவர்கள் செய்தது எக்ஸ்பியில் சரியான வேலை. விஸ்டாவை வடிவமைத்தவர்கள் செய்ததும் தன்னளவில் நல்ல மாற்றம். தனித்தனியே சரியான இரண்டு பழக்கங்கள் ஒரே முகவரி வெளியில் சந்தித்ததால் வந்த வினை.

டிரைவர்களின் கதை இவ்வளவு மென்மையானது அல்ல. கிராஃபிக்ஸ் கார்டு, ஒலி, வைஃபை போன்ற கருவிகளுக்கு அவற்றைச் செய்த நிறுவனம் எழுதித் தரும் டிரைவரின் முக்கியப் பகுதி கர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே அதைத் தடுக்கச் சுவர் கிடையாது. அதில் ஒரு தவறான முகவரி இருந்தால் மொத்தக் கணினியும் நிற்கும். விஸ்டா கிராஃபிக்ஸ் டிரைவர்களின் அமைப்பையே மாற்றிவிட்டதால், எல்லோரும் புதிதாக எழுத வேண்டியிருந்தது, அவசரமாக எழுதினார்கள். 'விஸ்டா கேபபிள்' வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்களில் 2007-இல் பதிவான விஸ்டா வீழ்ச்சிகளின் கணக்கு ஒன்று இருந்தது. அதில் ஏறக்குறைய 29 சதவீதம் என்விடியாவின் டிரைவர்களால் வந்தவை; மைக்ரோசாஃப்டின் சொந்தக் குறியீட்டால் வந்தவை சுமார் 18 சதவீதம்.

இதே டிரைவர்களுக்காகத்தான் வீட்டுக் கணினிகளின் ரேமுக்கே ஒரு எல்லை போடப்பட்டது. 32-பிட் விண்டோஸ் ஒரு குறிப்பிட்ட முறையில் 4 ஜிபிக்கு மேலும் ரேமைப் பயன்படுத்த முடியும். சர்வர் பதிப்புகள் பயன்படுத்தின. எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கைச் சோதித்தபோது, வீட்டுக் கணினிகளில் உள்ள வீடியோ, ஆடியோ டிரைவர்கள் பலவும் 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியை எதிர்பார்த்து எழுதப்படவில்லை என்று தெரிந்தது. அவை முகவரியின் தலையை வெட்டிவிட்டு, வேறு யாருடைய பக்கத்திலோ எழுதின. கணினிகள் விழுந்தன, சில எழுந்திருக்கவே இல்லை. எனவே 4 ஜிபிக்கு மேல் உள்ளதைத் தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ரேம் கொஞ்சம் வீணாகலாம், கணினி விழக் கூடாது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதும் இந்த வகைதான். அது இயங்குதள அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். கர்னலுக்குள் ஓடிய அதன் டிரைவர், 20 மதிப்புகள் மட்டுமே தரப்பட்டிருந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போனது. அந்த இடத்தில் செல்லுபடியான முகவரி எதுவும் இல்லை. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின.

இதுவரை சொன்னவை எல்லாம் மென்பொருளின் தவறுகள். அப்டேட்டின் மேல் பழி விழுந்தாலும் அப்டேட்டோடு சம்பந்தமே இல்லாத காரணம் ஒன்று உண்டு. அது ரேம்.

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் கண்டுபிடித்த அமைப்பு இது, இன்றைக்கும் மாறவில்லை. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. அது மிகச் சிறியது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு செல்லையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். சிப் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் கசிவு கூடும், இன்னும் அடிக்கடி எழுத வேண்டும். 8 ஜிபி ரேமில் இப்படி 6,872 கோடி செல்கள். அவ்வளவிலும் ஒன்றிரண்டு வலுவிழந்தால் என்ன ஆகும் என்பது, அந்த நேரத்தில் அந்தச் செல்லில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு புகைப்படத்தின் புள்ளி இருந்தால், நிறம் துளி மாறும், யாருக்கும் தெரியாது. ஒரு கடிதத்தின் எழுத்து இருந்தால், ஆங்கில 'ஏ'யின் குறியெண் 65 ஒரு பிட் மாறி 67 ஆகும். 'சி' என்று படிப்போம், தட்டச்சுப் பிழை என்று நினைப்போம். கர்னலின் முகவரி அட்டவணை இருந்தால், நீலத்திரை.

கூரையில் ஒரே இடத்தில் ஒழுகும் வீட்டில், அந்த இடத்துக்கு நேர் கீழே வெறும் தரை இருக்கும்வரை ஒழுகலை யாரும் பொருட்படுத்துவதில்லை. கட்டிலை அங்கே நகர்த்திப் போட்ட அன்றைக்கு, மழை பெய்தால் படுக்கை நனைகிறது. இயங்குதளம் மாறும்போது ரேமுக்குள் நடப்பது இதுதான். எந்தப் பகுதி எங்கே அமரும் என்ற ஏற்பாடு முழுக்க மாறுகிறது. பாதுகாப்புக்காக, கணினி எழும் ஒவ்வொரு முறையும் நிரல்களின் முகவரிகளைக் குலுக்கிப் போடும் வழக்கத்தை விண்டோஸில் கொண்டுவந்ததும் விஸ்டாதான். அதோடு, எக்ஸ்பி ரேமின் பெரும்பகுதியைச் சும்மா விட்டுவைத்தது. விஸ்டா மூலைமுடுக்கெல்லாம் நிரப்பியது. பல ஆண்டுகளாக யாரும் தொடாத பலவீனமான செல் இப்போது தினமும் வேலைக்கு வந்துவிடுகிறது. பயனர் பார்ப்பது ஒன்றைத்தான்: நேற்றுவரை நன்றாக இருந்தது, அப்டேட் போட்டேன், விழுகிறது.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நைட்டிங்கேல், டூசர், ஆர்கோவன் மூவரும் சுமார் பத்து லட்சம் சாதாரணக் கணினிகளின் வீழ்ச்சி அறிக்கைகளை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வன்பொருள் கோளாறால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடியும் விழும் வாய்ப்பு, முதல் வீழ்ச்சிக்கான வாய்ப்பைப் போல் நூறு மடங்குவரை உயரக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். ரேம் பிழைகள் பெரும்பாலும் அதே இடத்தில் திரும்ப வந்தன. வானிலிருந்து வந்த ஏதோ ஒரு கதிர் தற்செயலாக ஒரு பிட்டைப் புரட்டிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இந்தக் கண்டுபிடிப்பு இடம் தரவில்லை. கெட்டுப்போன செல் தானாகக் குணமாவதில்லை.

சர்வர்களில் இதற்கு மருந்து இருக்கிறது. இசிசி என்ற ரேம், ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்தி, புரண்டது என்று அறிக்கையும் கொடுக்கும். நம் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது. புதிய டிடிஆர்5 ரேமில் சிப்புக்குள்ளேயே திருத்தும் வசதி உண்டு. ஆனால் சிப்பிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது பிடிக்காது, திருத்தியதை நமக்குச் சொல்லவும் சொல்லாது. வீட்டுக் கணினிகளில் இசிசி பரவாமல் போனதற்கு இன்டெலை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021-இல் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அவர் பக்கம்தான் நியாயம். பிள்ளைகளின் புகைப்படமும் வீட்டுப் பத்திர நகலும் இருக்கும் கணினி, வங்கியின் சர்வரை விட எந்த வகையில் மட்டம்?

சரி, அப்டேட் போட்ட பிறகு கணினி தடுமாறினால் என்ன செய்வது? முதல் ஓரிரு நாள் அதை அதன் போக்கில் விடுங்கள். கோப்புகளை மறுபடி அட்டவணைப்படுத்துவது போன்ற வேலைகள் பின்னால் ஓடும், மெதுவாகத்தான் இருக்கும். 'ஷட் டவுன்' செய்து மறுநாள் திறப்பதை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னலின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. ஒரு டிரைவர் நினைவகத்தைக் கேட்டு வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் இருந்தால், அந்தக் கசிவு பல நாள் ஷட் டவுன்களைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் கர்னல் புதிதாகத் தொடங்கும்.

நீலத்திரை வந்தால் அதிலுள்ள பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பெயர், அதே டிரைவர் கோப்பு என்றால் அந்த டிரைவரைச் சந்தேகியுங்கள். கருவி செய்த நிறுவனத்தின் தளத்தில் புதியது இருக்கும். ஒருமுறை 'பேஜ் ஃபால்ட்', அடுத்த முறை 'மெமரி மேனேஜ்மென்ட்', அதற்கடுத்து வேறொன்று என்று பெயர் மாறிக்கொண்டே வந்தால், ரேமைச் சந்தேகிக்க வேண்டும். சர்வீஸ் கடைகளில் ரேமைக் கழற்றி, அதன் அடியில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி, 'டக்' என்று இரண்டு பக்கமும் பூட்டு விழும்வரை அழுத்திப் பொருத்துவார்கள். பார்க்க எளிமையான வைத்தியம். தொடுமுனையில் படிந்த அழுக்கால் வந்த பிழை என்றால் அதிலேயே போய்விடும். போகவில்லை என்றால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையையோ, மெம்டெஸ்ட்86-ஐயோ ஓட்டுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்த வேண்டாம். இரவு முழுக்க ஓடட்டும். சில செல்கள் சிப் சூடான பிறகுதான் தங்கள் பலவீனத்தைக் காட்டும்.

"ஃபார்மேட் அடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால், அதற்கு முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். கெட்ட ரேமோடு மறுபடி நிறுவினால், நிறுவும்போதே கோப்புகள் கெட்டுப் பதியலாம். சோதனையில் சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேமை மாற்றிவிடுங்கள். மாற்றும்வரை முக்கியமான எந்தக் கோப்பையும் அந்தக் கணினியில் திறந்து சேமிக்காதீர்கள்.